பெயின்ற் மட்டும்தான் பாக்கி

லண்டன் செவன் கிங்ஸ் வீட்டு கராஜில் நின்ற பழைய மஸ்டாங்கை விற்பதற்காக யோகலிங்கம் புகழ்ந்த புகழ்ச்சியில் காருக்கே கூச்சம் வந்திருக்கும்.

“எஞ்சின் முழுக்க என்ர கையாலை செய்தது, தம்பி. பெயின்ற் மட்டும்தான் பாக்கி. அதுக்கு நேரமில்லை, அதுதான் விக்கிறன். போன ஞாயிறும் வெம்பிளிக் கோயிலுக்கு இதிலைதான் போனனாங்கள்.”

வாங்க வந்த நிரோஜன் தலையாட்டியபடி குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தான். டயரை ஒட்டி, கறுத்துச் சுருங்கிய எலுமிச்சம்பழம் ஒன்று முழுசாகக் கிடந்தது.

“இதென்ன, அண்ணை?”

யோகலிங்கம் வாயைத் திறக்குமுன், தேத்தண்ணியோடு வந்த அவர் மனைவி பாமினி பதில் சொன்னாள்.

“கார் வாங்கின அண்டைக்குப் பூசை செய்து வைச்சது, தம்பி. இவர் ஏத்தி நசிச்சாப் பிறகு கூட்டுவம் எண்டு எட்டு வருசமாப் பாத்துக்கொண்டிருக்கிறன்.”