பத்தடி பின்னால்

"பெரியவரே, மனசாட்சியே இல்லையா உங்களுக்கு? கண்ணு தெரியாத மனுஷன் தட்டித் தடவிப் போறாரு. நீங்க பின்னாடியே வேடிக்கை பாத்துக்கிட்டு வர்றீங்க!"

காய்கறிப் பையோடு நின்ற அம்மாள் விடுவதாக இல்லை. டிரைவர் உதட்டில் விரலை வைத்து, கெஞ்சுகிற மாதிரி தலையாட்டினார்.

"வாயும் வராதா? கஷ்டம்!" என்று அந்த அம்மாள் நகர்ந்தார்.

வாய் நன்றாகவே வரும். பேசினால்தான் காரியம் கெட்டுவிடும்.

பஸ் ஓட்டி ரிட்டயரான பிறகு, பார்வை போனவர்களுக்கு நடக்கப் பழக்கும் நிலையத்துக்கு டிரைவர் சம்பளமில்லாமல் போய் வருகிறார். கடைசிப் பரீட்சையன்று அவர்கள் வெள்ளைக் கோலோடு தனியாகத் தபாலாபீஸ் வரை போய்த் திரும்ப வேண்டும். டிரைவர் பத்தடி பின்னால், மூச்சுக் காட்டாமல் வரணும். வண்டி மோதுகிற மாதிரி வந்தால் ஒழிய உதவக் கூடாது. உதவினால் நடந்தவர் ஃபெயில். டிரைவரும் மறுநாளிலிருந்து வர வேண்டாம்.

இன்று முன்னால் நடப்பவரைப் பார்த்ததுமே அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்த அதே ஆள்!

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், நாலே நாலு நிமிஷம் முன்னதாக வண்டியை எடுத்ததற்கு இவர்மேல் ரிப்போர்ட் எழுதிப் போட்டவர். எடுத்தது நிஜந்தான். அதுக்காக எழுதிடுறதா? அந்த ஒரு வரியால், புகாரே இல்லாமல் ஓட்டினவருக்குக் கடைசியில் கிடைக்க வேண்டிய மெடல் போயிற்று. அன்றோடு இருவருக்குள் பேச்சும் போயிற்று.

"இவர் பாஸானா சொந்த வீட்லயே தனியா இருந்துக்கலாம். இல்லேன்னா நாளைக்கு மகன் வந்து வீட்டைப் பூட்டிட்டுக் கூட்டிட்டுப் போயிடுவார்" என்று காலையில் நிலையத்து டீச்சர் சொல்லியிருந்தார்.

'போகட்டுமே, எனக்கென்ன' என்றுதான் டிரைவர் நினைத்தார். கண் மட்டும் அந்தக் கோலை விட்டு நகரவில்லை.

போகும்போது ஒரு வில்லங்கமும் இல்லை. திரும்பும்போது பார்த்தால், நடைபாதைக்குக் குறுக்கே ஓர் ஏணி சுவரில் சாய்ந்து நின்றது. பெயின்டரைக் காணோம்.

கோல் ஏணிக்கு அடியில் புகுந்து போய்விடும். நெற்றிதான் இடிக்கும். இடது கையை முகத்துக்கு முன்னால் மடக்கிப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். டைம்கீப்பர் அந்தக் கையைத் தொங்கப் போட்டிருந்தார்.

எட்டடி. ஆறடி.

'தூக்குய்யா கையை!' தொண்டை வரை வந்துவிட்டது. முழுங்கினார்.

நாலடி.

டிரைவர் ரோட்டில் இறங்கி ஓடினார். ஏணியைச் சுவரோடு இழுத்து ஒட்டவைத்தார். டைம்கீப்பர் ஒரு நொடி நின்றார். பிறகு மெல்லக் கடந்து போனார்.

நிலையத்தில் டீச்சர் பேனாவை எடுத்தார். "சரியா வந்துட்டீங்க சார். பாஸ்!"

"எழுதாதீங்கம்மா" என்றார் டைம்கீப்பர். "வழியில ஏணி ஒண்ணு இருந்துச்சு. யாரோ இழுத்து வெச்சாங்க, சத்தம் கேட்டுது. நான் கையைத் தூக்கலை. அது நின்ன இடத்துலயே இருந்திருந்தா மண்டை உடைஞ்சிருக்கும். ஃபெயில்னு எழுதுங்க."

டீச்சர் திகைத்தார். "நாளைக்கு உங்க மகன் வர்றாரே சார்?"

"வரட்டும். அதுக்காகப் பொய் எழுதறதா?"

மூலையில் நின்ற டிரைவருக்கு முகம் சுட்டது. தன்மேல் வஞ்சம் வைத்து எழுதினவர் என்றல்லவா இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார்!

"ஏணியை நகர்த்தினது நான்தான் டீச்சர்" என்றார். "என்னை நிறுத்திடுங்க. அவரை மட்டும் இன்னொரு தடவை நடக்கவிடுங்க. ஏணியை இருந்தபடியே வெச்சுட்டு வந்துடறேன்."

டைம்கீப்பர் குரல் வந்த பக்கம் சட்டென்று திரும்பினார். உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"அதே இடம் வேணாம் டிரைவர், அது எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வேற எங்கயாவது வைங்க. எங்கேன்னு மட்டும் எனக்குச் சொன்னீங்க… மறுபடியும் எழுதிடுவேன்!"