மாடல் போஸ்டர்

பீமாராவ் செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் பிளக்ஸ் டிசைன் செய்பவன். தொழில்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் மூன்று வருஷமாகத் தன் வேலைகளைப் போட்டு வந்தான். ஒருத்தரும் ஒரு லைக் கூடப் போட்டதில்லை. வெள்ளிக்கிழமை காலை, கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு மாடல் ஒன்று போட்டான். அடுத்தவர் படத்தை வைத்தால் வம்பு என்று தன் படத்தையே வைத்திருந்தான். ஓரத்தில் சின்னதாக ‘மாடல்’ என்றும் எழுதியிருந்தான்.

மதியத்துக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு இரங்கல் வந்துவிட்டது. ‘தங்கமான மனுஷன்.’ ‘இவன மாதிரி டிசைனர் இனிமே பொறந்துதான் வரணும்.’ அவன் தொழிலுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான்.

‘யோவ், நான் உசுரோடதான் இருக்கேன்’ என்று பதில் போட்டான். அது ஒற்றை டிக்கோடு நின்றது.

சாயங்காலம் குரூப் அட்மின் விநாயகத்தின் கடைக்கே போனான். விநாயகம் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

“ஆமாம்பா, எடுத்தாச்சு. எரநூறு பேரு இரங்கல் போட்டானுங்க, தோள் குடுக்க நாலாவது ஆளு வரல. நான்தான் போய் நின்னேன்.”

“அண்ணா” என்றான் பீமாராவ். இன்னொரு தரமும் கூப்பிட்டான்.

விநாயகம் நிமிரவில்லை. குளித்த தலையில் இன்னும் ஈரம் சொட்டியது. துண்டை விலக்கி வலது தோளைத் தேய்த்துக்கொண்டார். பாடை மூங்கில் அழுத்திய இடம் கன்றிச் சிவந்திருந்தது.