நாலு நிமிஷ ஊமைப்படம்

"இந்தப் பங்குனி உத்திரத்துக்கு நானும் சாஸ்தா கோயிலுக்குப் போறேன்ல. எவன் என்ன கேக்கான்னு பாப்போம்" என்றார் செந்தூர்வேல்.

தூத்துக்குடி பக்கத்துப் புதுக்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அவருக்கு வயது அறுபத்திரண்டு. உத்திரத்தன்று ஊரே குடும்பம் குடும்பமாக அவரவர் முன்னோர் வழிக் குலசாமியான சாஸ்தாவைக் கும்பிடப் போகும். அவர் மட்டும் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே கிடப்பார். அவருடைய அப்பா மாசானம் யாரோ பெற்று, இங்கே யாரோ வளர்த்த பிள்ளை. வேர் தெரியாதவனுக்கு ஏது சாஸ்தா என்று ஊர் பேசியது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

மகன் சிவப்பிரகாஷ் லேப்டாப்பைத் திறந்தான்.

"யப்பா, தூத்துக்குடி கடற்கரையில எடுத்த ஊமைப்படம் இது. மிஞ்சினது நாலு நிமிஷந்தான். நடிச்ச ரெண்டு பேரும் நெசத்துலயும் புருசன் பொண்டாட்டி. கைப்பிள்ளையும் அவங்க பிள்ளைன்னு பழைய நோட்டீஸ்ல இருக்கு. படம் முடிஞ்சதும் தாத்தாவ இங்கன வளக்கக் குடுத்துட்டுப் போனது இவங்கதான்."

"எந்த ஊராம்லே?"

"ஆத்தங்கரை ஊருதான். அவங்க சொந்தக்காரங்ககிட்ட பேசியாச்சு. உத்திரத்துக்கு அவங்க சாஸ்தா கோயிலுக்கு வரச் சொல்லிட்டாவ."

திரையில் ஒருத்தி அலைக்கு நடுவே பிள்ளையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். 'என் செல்வமே, பிழைத்தாயா!' என்று எழுத்து வந்தது. அடுத்த காட்சியில் அவள் மடியில் பிள்ளை சிரித்தது. அப்பாவின் அதே கன்னக்குழி. செந்தூர்வேல் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மருமகள் ரம்யாவைக் கையசைத்துக் கூப்பிட்டார். பத்து வயதில் காய்ச்சலில் காது போனவள் அவள். உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள்.

"ஏளா, எங்க ஆச்சி என்ன பேசுதாவன்னு பாத்துச் சொல்லு. ஒரு வார்த்தையாவது தெரிஞ்சுக்கிடுதேன்."

ரம்யா குனிந்து பார்த்தாள். மறுபடி ஓட்டச் சொன்னாள். மூன்றாம் தடவை அவள் முகம் வெளுத்துவிட்டது.

"வேண்டாம் மாமா."

"சும்மா சொல்லும்மா. திட்டினாலும் எங்க ஆச்சிதான."

"அலையில நிக்கும்போது, 'நிறுத்துங்க, என் பிள்ளை மூச்சு விடல'ங்காவ."

செந்தூர்வேல் திரையை ஒருமுறை பார்த்தார். பிறகு சமாளித்துக்கொண்டு சிரித்தார்.

"அது நடிப்புளா. இந்தா, அடுத்தாப்ல எங்கப்பா மடியில கிடந்து சிரிக்காவல்லா?"

ரம்யா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பிள்ளையப் பாத்துத்தான் மாமா படமெடுத்தவர்ட்ட அழுதாவ. 'இது எவ பெத்த பிள்ளை முதலாளி? பாவம், அவ தேடுவா, கொண்டுபோய்க் குடுத்துருங்க'ங்காவ."