விசில் பறந்த காட்சி

காவல் நிலையத்தில் இறந்துபோன இளைஞனுக்கு நீதி கேட்டு, ஆட்சியர் அலுவலகம் முன்பு உண்ணாவிரதம் இருந்தார் நடிகர் கதிர்வாணன். டிவிக்காரர்கள் போனதும் இறந்தவனின் தாய் பேச்சியம்மாள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“எம்மவனுக்கு ஒங்க படம்னா உசுரு. நீங்க போலீசா நடிச்சதத்தான் திரும்பத் திரும்பப் பாப்பான்.”

லாக்கப்பில் ஒருவனைக் கட்டிவைத்து அவர் அடிக்கும் காட்சிக்குத் தியேட்டரெல்லாம் விசில் பறந்த படம் அது. கதிர்வாணன் தலையைக் குனிந்துகொண்டார்.

“அதுல ஒரு பையன அடிப்பியளே, அவனுக்கு வலிச்சிருக்குமாய்யா?”

“இல்லம்மா. அது நடிப்பு. அடி மேல படாது.”

“படாதா?” அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. “அப்ப அவன் வீட்டுக்குப் போயிருப்பான்.”

“போயிட்டாம்மா,” என்றார். “சாயங்காலமே போயிட்டான்.”

அதற்குமேல் அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.