ஆற்றில் விழுந்த கட்டுரைகள்

“கையை நீட்டு!”

கன்னையா நீட்டினான். ஆறு பிரம்படி. வெள்ளைக்கார ஹெட்மாஸ்டர் துரை அத்தோடு விடவில்லை. சட்டையில் குத்தியிருந்த வகுப்பு மானிட்டர் வில்லையையும் கழற்றி வாங்கிக்கொண்டார்.

செய்த காரியம் அப்படி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சீனியர் கேம்பிரிட்ஜ் வகுப்பின் கட்டுரை நோட்டுகளையெல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு தம்புசாமி மாஸ்டர் வீட்டுக்குப் புறப்பட்டவன், கிள்ளான் ஆற்றுப் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறான். கட்டு ஆற்றோடு போய்விட்டது.

“கை நழுவிடுச்சு சார்” என்றான்.

தம்புசாமி மாஸ்டருக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். காவியத்தில் ஜெயிக்கிற வீரன், சோக நாடகத்தில் தன் தவறாலேயே அழிகிற நாயகன், இரண்டு பேரில் யார் உயர்ந்தவன்? எட்டுப் பக்கம் எழுதச் சொல்லி மூன்று வாரம் அவகாசம் கொடுத்திருந்தார். தினமும் ஒரு சந்தேகத்தோடு வந்து நின்றவன் கன்னையா ஒருவன்தான். அவனே இப்படிச் செய்துவிட்டானே!

“மிஸ்டர் தம்புசாமி, இவனுடைய சர்ட்டிபிகேட்டில் ‘பொறுப்பில்லாதவன்’ என்று எழுதப்போகிறேன்” என்றார் துரை.

அந்த ஒரு வார்த்தை போதும், ரயில்வேயில் குமாஸ்தா வேலை கனவிலும் கிடைக்காது. ஆனாலும் மாஸ்டர் தடுக்கவில்லை. தப்பு தப்புதானே?

வகுப்பில் அத்தனை பேரும் ஒரு வாரத்துக்குள் மறுபடி எழுதவேண்டும் என்று உத்தரவாயிற்று. கன்னையாவோடு எல்லாரும் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

புதன்கிழமை மத்தியானம் சம்பான் படகு ஓட்டும் சம்பான்காரர் ஒருவர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். அவர் கையில் சொட்டச் சொட்ட ஒரு கட்டு. ஆற்றோரப் புதரில் சிக்கிக் கிடந்ததாம்.

மாஸ்டர் அதை ஆசிரியர் அறை மேஜையில் வைத்துப் பிரித்தார். உள்ளே மை கரைந்து எல்லாம் ஒரே நீலம். அட்டையில் பென்சிலால் எழுதிய பெயர்கள் மட்டும் தெளிவாக இருந்தன.

எண்ணினார். இருபத்திரண்டு.

மறுபடியும் எண்ணினார். இருபத்திரண்டேதான். வகுப்பில் இருபத்துமூன்று பேர். ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டே வந்தவர், கன்னையாவைக் கூப்பிட்டனுப்பினார்.

“பாலன் நோட்டு எங்கடா?”

கன்னையா தலையைக் குனிந்துகொண்டான்.

“உன்னைத்தான் கேக்கறேன்.”

“அவன் எழுதல சார்.”

மாஸ்டருக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. மூன்று கட்டுரை தவறினால் பரீட்சைக்குப் பெயர் அனுப்பக் கூடாது என்பது துரையின் கட்டளை. பாலன் ஏற்கெனவே இரண்டு தவறவிட்டிருந்தான்.

“அவன் அப்பாவுக்குத் தண்டவாள வேலையில கால் நசுங்கிப் போச்சு சார். மூணு வாரமா ஆஸ்பத்திரியே கதியா கெடக்கறான்.”

“அதுக்காக நீ வேணும்னே தூக்கிப் போட்டியா?”

“ஆமா சார்.”

“உன்னால இருபத்திரண்டு பேர் மறுபடி எழுதறாங்க.”

“அவங்களுக்கு ஒரு வாரம் வேலை சார். அவனுக்குப் படிப்பே போயிருமே.”

மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்தார்.

“பாலனுக்கு இது தெரியுமா?”

“தெரியாது சார். நெசமாவே விழுந்துடுச்சுன்னு நெனச்சுக்கிட்டிருக்கான். தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க. தெரிஞ்சா அவனே போய் துரைகிட்ட ஒப்புக்குவான்.”

“இவ்வளவு செஞ்சதுக்கு, நேரா எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா!”

கன்னையா தயங்கினான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

“பாலனே சொன்னான் சார். போன மாசம் அப்பாவுக்கு அடிபட்ட அன்னைக்கே வந்து சொன்னான். ‘ஆளுக்கு ஆள் சட்டத்தை மாத்த முடியாது’ன்னு அனுப்பிச்சிட்டீங்க.”

மாஸ்டருக்கு ஞாபகம் வந்தது. விடைத்தாளிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் சொன்ன பதில் அது.

பதினான்கு வருஷ உத்தியோகத்தில், தான் அரை மணி தாமதமாக வந்ததைக்கூடப் பதிவேட்டில் மறைக்காமல் எழுதியவர் தம்புசாமி மாஸ்டர். ‘அவர் எண்ணிச் சொன்னால் நாம் எண்ண வேண்டியதில்லை’ என்று துரையே பெருமையாகச் சொல்வார்.

வெளியே பூட்ஸ் சத்தம் கேட்டது. துரைதான். சம்பான்காரர் வந்த செய்தி அவருக்கும் எட்டியிருந்தது.

“நீ வகுப்புக்குப் போ” என்று மாஸ்டர் கன்னையாவை அனுப்பிவிட்டு எழுந்து நின்றார்.

துரை ஈரக் குவியலைத் தூரத்தில் நின்றே பார்த்து முகம் சுளித்தார்.

“எல்லாம் இருக்கின்றனவா?”

“இருக்கின்றன சார். இருபத்துமூன்றும்.”

“நல்லது. அந்தப் பையன் சர்ட்டிபிகேட்டை இன்றைக்கே எழுதிவிடலாம்.”

“ஒரு நிமிஷம் சார். தப்பு அவனுடையது இல்லை. கட்டக் கயிறு கொடுத்தது நான். இற்றுப்போன கயிறு. பாலத்தில் அறுந்துவிட்டது. எழுதுவதானால் என் பதிவேட்டில் எழுதுங்கள்.”

துரை அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், மிஸ்டர் தம்புசாமி” என்று வில்லையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு நடந்தார்.

அவர் தலை மறைந்ததும், நோட்டுக் கட்டிலிருந்து அவிழ்த்து முதுகுக்குப் பின்னால் கைக்குள் சுருட்டி வைத்திருந்த புத்தம்புதுச் சணல் கயிற்றைத் தம்புசாமி மாஸ்டர் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டார்.