இரண்டாம் பக்கம்

"எதிக்ஸ் கமிட்டி என் ஆராய்ச்சியை ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்கப்பா. இந்தத் தடவையும் திருப்பினா ஒரு வருஷம் போச்சு. இந்த ஒப்புதல் படிவம் புரியுதான்னு படிச்சுப் பாருங்க. புரிஞ்சா மட்டும் கையெழுத்துப் போடுங்க" என்றாள் மகள்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கங்களையும் நிதானமாகப் படித்தார். முதல் பக்கம் தடங்கலில்லாமல் ஓடியது. இரண்டாம் பக்கம் ஒரு வரிகூடப் புரியவில்லை. ஆனால் எதிரே மனைவியின் தம்பி அல்லவா உட்கார்ந்திருந்தார்!

"தெளிவா இருக்கு. புரியலைன்னு சொன்ன ஆள் நம்ம பரம்பரையிலயே கிடையாது" என்று கையெழுத்துப் போட்டார். "உன் மாமாவுக்கு வேணும்னா விளக்கிச் சொல்றேன்."

"எனக்குப் பாதியிலயே புரிஞ்சு போச்சு அத்தான்" என்று மாமாவும் தன் கையிலிருந்த படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

மகள் இரண்டு படிவங்களையும் பத்திரமாக உறையில் வைத்தாள்.

"ரெண்டாம் பக்கத்துக்கு அர்த்தமே கிடையாதுப்பா. புரியாமலே கையெழுத்துப் போடுறவங்களைப் பத்தித்தான் என் ஆராய்ச்சி. அப்படி ஆளே கிடையாதுன்னு கமிட்டி சாதிச்சாங்க."

அப்பாவின் மீசை துடித்தது. "என் பேரை எடு."

"எடுத்துடலாம். 'எனக்குப் புரியலை'ன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும்."

பேனாவை வாங்கியவர் மாமாவைப் பார்த்தார். மாமா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேர் இருக்கட்டும்" என்று பேனாவை மூடினார் அப்பா. "ஆனா அதை உன் மாமா பேருக்கு மேல போடு."