ஊமத்தை சொன்னதை நம்பாத ஆடு

எதையும் எளிதில் நம்பாத வெள்ளாடு ஒன்று இருந்தது. கோடையில் காடே மொட்டையாகிக் கிடக்க, குப்பைமேட்டு ஓரத்தில் ஓர் ஊமத்தைச் செடி மட்டும் வாய்படாமல் தழைத்து நின்றது. ஆட்டுக்குச் சந்தேகம் தட்டியது.

"என்னைத் தின்னுடாதே. இலை, பூ, முள்ளுக்காய், விதை எல்லாமே விஷம்," என்றது ஊமத்தை.

"நேத்து முருங்கைக் கன்னும் கசப்பேன்னுதான் சொல்லிச்சு. தின்னா தித்திப்பு. உயிருக்குப் பயந்து எல்லாரும் விடுற கதைதானே இது?"

"என் நாத்தம்கூடவா உனக்குத் தெரியல?"

"அதுவும் உன் தந்திரம்தான்."

ஆடு நாலு இலையை மென்று விழுங்கியது.

கொஞ்ச நேரத்தில் நாக்கு வறண்டது. கண் கூசியது. கால்கள் பின்னின. எதிரே இரண்டு ஊமத்தைகள் தெரிந்தன.

ஆடு தள்ளாடிக்கொண்டே இரண்டையும் முறைத்தது.

"உனக்கொரு கூட்டாளி இருக்கான்னு எனக்கு அப்பவே சந்தேகம்."